முனியாண்டியைச் சுற்றிய கோடு

உங்கள் அறிக்கையைப் படித்தேன், மேடம். நல்ல தாளில் அச்சடித்திருக்கிறீர்கள். சிங்களத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை என்று இரண்டு தடவை படித்தேன். கவனமாகச் செய்த வேலை என்று பார்த்ததுமே தெரிகிறது. பதினேழாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. பிழை என்று கண்ணில் பட்டுவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியாது. என் தொழில் அப்படி. அதனால்தான் இரத்தினபுரியில் காலை பஸ்ஸைப் பிடித்து நேரே உங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டேன்.

பிளேன்டீ போதும். சீனி வேண்டாம்.

அறிக்கையில் என் பெயரைப் போடாமல் 'கணினி இயக்குபவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் பெயர் ஸ்ரீதரன். முப்பத்து நான்கு வயது. நிவித்திகலப் பக்கம் கிரிகல்தென்ன தோட்டத்தில், கீழ்லயத்து வரிசை வீடுகளில் நான்காவது காம்பராவில் பிறந்தவன். இந்த ஊர் விவரத்தை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், பொய் சொல்வது என் பழக்கமில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். 2007 ஒக்டோபர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணிக்கு அந்தத் தோட்டத்து மேல்லயத்தின் மீது மலை சரிந்தது. பதினொரு பேர் இறந்தார்கள். அந்த லயம் ஆபத்துப் பட்டியலில் இருந்திருந்தால் நான்கு மாதம் முன்பே அவர்கள் சமதரையில் கட்டிய புது வீடுகளுக்குக் குடிபோயிருப்பார்கள். பட்டியலில் அது ஏன் இல்லை என்பதுதான் உங்கள் விசாரணை. நியாயமான கேள்வி.

வேலை இப்படித்தான் நடந்தது. 2003 மழையில் மலைகள் சரிந்த பிறகு, இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டத்திலும் எந்தெந்த லயம் ஆபத்தான சரிவில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு திட்டம் வந்தது. ஒவ்வொரு லயத்திலும் அந்த இடத்து ஆள் ஒருவரிடம் கையடக்கமான ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, லயத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வரச் சொல்வோம். நடக்க நடக்கக் கருவி புள்ளிகளைக் குறித்துக்கொள்ளும். என்னிடம் வந்ததும் அந்தப் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து, ஒரு வடிவமாகத் தரவுத்தளத்தில் சேர்ப்பேன். பிறகு அந்த வடிவங்களை மலைச்சரிவு வரைபடத்தின் மேல் வைத்துக் கணினியை ஓட்டினால், சிவப்பில் விழுகிற லயமெல்லாம் முதற் பட்டியலுக்குப் போகும். செம்மஞ்சளில் விழுவது இரண்டாம் பட்டியல். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு வடிவங்கள்.

கணினி ஒரே ஒரு மரியாதைதான் எதிர்பார்க்கும். தொடங்கிய இடத்துக்கே திரும்பி வர வேண்டும், வந்த வழியைக் குறுக்கே வெட்டக் கூடாது. வெட்டினால் எது உள்ளே, எது வெளியே என்று அதற்குக் குழம்பிவிடும். அப்படிப்பட்ட வடிவத்தை அது 'செல்லாதது' என்று சொல்லும். செல்லாதது ஒன்று இருந்தாலும் முழு வேலையும் பாதியில் நின்றுவிடும்.

மனுசர்களோ ஒழுங்காக நடக்கிற சாதி இல்லை. ஓப்பநாயக்கவில் கபூர் நானா என்று ஒருவர், நல்ல மனுசர், தோட்டத்து வாசலில் கடை வைத்திருக்கிறார். பாதி நடையில் கடையைப் பூட்டினோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கருவியோடு கடை வரை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்திருக்கிறார். அவருடைய லயத்துக்கு ஒரு நீளமான முள் முளைத்திருந்தது. குருவிட்டப் பக்கம் ஒருவர் நாய்க்குப் பயந்து குறுக்கே ஓடி, லயத்தை எட்டுப் போல ஆக்கி வைத்திருந்தார். கேகாலையில் ஒரு கணக்கப்பிள்ளை மைத்துனி வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்தபோது கருவியை அணைக்க மறந்துவிட்டார். நாற்பது புள்ளிகள் ஒரே முடிச்சாகக் கிடந்தன. அந்த மைத்துனி டீயோடு பலகாரமும் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம்.

முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தேழு செல்லாமல் போயின. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கே வெட்டுகிறது, ஏன் வெட்டுகிறது என்று பார்த்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோசம் இருந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு மனுசன் எங்கே நின்றான், எங்கே தயங்கினான், எதைக் கண்டு திரும்பினான் என்பதெல்லாம் அந்தக் கோட்டில் இருக்கும்.

எங்கள் பொறுப்பதிகாரி நிலாம் சேர். இரத்தினபுரி டவுன்காரர், தங்கமான மனுசர். 2006 பெப்ரவரியில், பட்டியல் அனுப்ப வேண்டிய வாரம், திங்கட்கிழமை வந்து என் மேசைப் பக்கத்தில் நின்றார்.

"ஸ்ரீ, வெள்ளிக்கெழம லிஸ்ட் கொழும்புக்குப் போகோணும். பிழ எத்தனன்டு கேட்டா ஸீரோன்டு வரோணும். விளங்கினா?"

"விளங்குது சேர். திருத்த முடியாம ஏதாவது மிஞ்சினா?"

"அத வேற டேபிள்ள போட்டு வைங்க. கடிதம் அனுப்பித் திரும்ப நடக்கச் சொல்லுவம். நீங்க இருக்கிற வரைக்கும் எனக்கு அந்தப் பயம் இல்ல."

அவருக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. அறிக்கையில் அவர் மேற்பார்வை போதாது என்று எழுதியிருக்கிறீர்கள். பாவம். நம்பினார், அவ்வளவுதான் அவர் செய்தது.

நாற்பத்தேழாவது வடிவத்தைப் புதன்கிழமை பகல், சாப்பாட்டுக்குப் பிறகு திறந்தேன். கிரிகல்தென்ன தோட்டத்து மேல்லயம். நடந்தவள் தர்மிளா. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள். கருப்பாயி சின்னம்மாவின் ஒரே மகள். எனக்குப் பத்து வயது இளையவள். நடை சுத்தமாக இருந்தது. அந்த நாட்களில் ஒரு தமிழ்ப் பெண் கையில் கருவியோடு மலையில் நடந்தால் யாராவது பொலிசுக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதால், சிங்களத்தில் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருந்தோம். அந்தப் பயமெல்லாம் நடையில் தெரியவில்லை. லயத்தின் மேற்கு மூலை வரை ஒரே சீராக வந்திருக்கிறாள். அந்த மூலையில் மூன்று புள்ளிகள் ஒரே இடத்தில் விழுந்திருந்தன. அதன் பிறகு ஏழு புள்ளிகள் சின்ன வளையமாகச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து, கோட்டைக் கோடு வெட்டியிருந்தது.

பார்த்ததும் சிரித்துவிட்டேன். அந்த மூலையில் முனியாண்டி கல் இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் யாரும் முனியாண்டியை நேராகக் கடந்து போக மாட்டார்கள். கொழுந்துக் கூடையோடு போனாலும் சரி, காய்ச்சலில் ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினாலும் சரி, செருப்பைக் கழற்றி ஒரு சுற்று வந்துவிட்டுத்தான் போவோம். மூன்று புள்ளிகளில் நின்றது செருப்பைக் கழற்ற. வளையம் முனியாண்டிக்கு. கோடு வெட்டிய இடத்தில்தான் செருப்பு கிடந்திருக்கிறது. கொழும்பில் படித்த எந்த எஞ்சினியரும் நூறு வருசம் உட்கார்ந்து பார்த்தாலும் அது என்னவென்று கண்டுபிடிக்க முடியாது. எனக்கு ஒரு நொடி.

அந்த ஏழு புள்ளிகளையும் எடுத்துவிட்டால் வடிவம் செல்லும். இரண்டு நிமிட வேலை.

எடுக்க முன் ஒரு பார்வைக்காகச் சரிவு வரைபடத்தை அடியில் வைத்துப் பார்த்தேன். மேல்லயம் முழுவதும் சிவப்பு. அதற்குக் கீழே இருக்கிற கீழ்லயம் செம்மஞ்சள். எனக்கு இன்னொன்றும் தெரிந்திருந்தது. பழைய றப்பர் ஸ்டோர் பக்கம் வீடு கட்ட நிலம் தருவதாகத் தோட்டத்துத் தொரை ஒப்புக்கொண்டிருந்தார். இருபத்தாறு வீட்டுக்கு இடம். மேல்லயத்தில் இருபத்து நான்கு குடும்பம். கீழ்லயத்தில் இருபத்திரண்டு. முதற் பட்டியல் முடிந்து மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் பட்டியல்.

கீழ்லயத்தில் என் அக்கா மல்லிகா இருந்தாள். மூன்று பிள்ளைகள். அவள் புருசன், என் மாமாவுக்கு நெஞ்சு வருத்தம். மழை பெய்தால் குசினிச் சுவரில் தண்ணீர் ஊறி, அடுப்புச் சாம்பல் சேறாகிவிடும். அம்மா செத்த பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். கொழுந்து பறித்து என்னைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தாள். அதற்கு முந்தின பொங்கலுக்குப் போயிருந்தபோது, "ஒன் ஆபீஸ்லதான தம்பி லிஸ்டு போடுறாங்க, அக்காவுக்கு ஏதாச்சும் பாருப்பா" என்றாள். வாழ்க்கையில் என்னிடம் அவள் கேட்டது அது ஒன்றுதான். "பாக்கிறேன்க்கா" என்றேன்.

நான் எதையும் அழிக்கவில்லை, மேடம். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். தரவை அழிப்பவன் நான் இல்லை. ஒரு புள்ளியைக்கூட நகர்த்தவில்லை. தர்மிளா நடந்தது நடந்தபடியே, முனியாண்டியோடு சேர்த்து, அந்த வடிவத்தை வேறு டேபிளுக்கு மாற்றினேன். குறிப்பு என்ற கட்டத்தில் 'தன்னைத் தானே வெட்டுகிறது' என்று எழுதினேன். அது உண்மை. பிறகு மீதி முந்நூற்றுப் பதினொன்றையும் ஓட்டினேன். செல்லாதவை: பூச்சியம் என்று வந்தது. நிலாம் சேர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

திரும்ப நடக்கச் சொல்லும் கடிதத்தை எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று புரிகிறது. அப்போது யாரும் சாகப் போவதாக என் கணக்கில் இல்லை. அந்த மலை வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிற்கிறது. இன்னும் ஒரு வருசமோ இரண்டு வருசமோ நிற்காதா? அடுத்த பட்டியல் வரும்போது அவர்களும் இறங்கிவிடுவார்கள். யாருக்கும் இல்லையென்று ஆக்கவில்லை. வரிசையில் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன். ஆஸ்பத்திரி வரிசையில் நம் ஆளை முன்னால் விடுவதில்லையா, அது மாதிரி.

பட்டியலைத் தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டிய பிறகு, மார்ச் மாதத்தில் ஒரு நாள் தர்மிளா என் அலுவலகத்துக்கு வந்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு பையில் கொய்யாப்பழமும் கொண்டுவந்தாள்.

"அண்ணே, கீழ்லயம் பேரு இருக்குங்க. எங்க லயத்துப் பேரு இல்லீங்களே. நாந்தானே நடந்தேன், ஏதும் தப்பாப் போச்சுங்களா?"

திரையில் அவளுடைய வடிவத்தைத் திறந்து காட்டினேன். வெட்டுகிற இடத்தைப் பெரிதாக்கினேன். "இங்க பாரு தர்மிளா. ஒரு சுத்து வந்திருக்க. அதால கம்ப்யூட்டர் இத எடுத்துக்கல."

குனிந்து பார்த்தாள். முகம் செத்துப்போனது. "ஐயோ அண்ணே, அது முனியாண்டி சாமிங்க. அம்மாதான் வாசல்ல நின்னு, மெசினு கையில இருந்தா என்னாடி, சாமியச் சுத்தாம போகாதன்னு சத்தம் போட்டாங்க. நான் வேணும்னு செய்யலீங்க."

"தெரியும்."

"அப்ப நான் திரும்ப நடந்து தர்றேன்ங்க. நாளைக்கே நடக்கிறேன். சாமிகிட்ட முன்னாடியே சொல்லிட்டு, சுத்தாம நேரா நடந்துர்றேன்."

"கடிதம் வரும். வந்ததும் நட" என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனாள். கொய்யாப்பழத்தை அலுவலகத்தில் எல்லோருக்கும் பகிர்ந்து கொடுத்தேன். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை டவுனுக்கு வந்து, டெலிபோன் கடையிலிருந்து எடுத்துக் கேட்பாள். "லெட்டர் வந்திருச்சுங்களாண்ணே?" மேலே போயிருக்கிறது என்பேன். ஒரு தடவைகூட அவள் குரலை உயர்த்தியதில்லை. தப்பு தன்னுடையது என்று நினைத்திருந்தாள், அதனால்.

2007 ஜூனில் அக்காவின் புது வீட்டில் பால் காய்ச்சினார்கள். சாமான் தூக்கி உதவ மேல்லயத்து ஆட்கள்தான் முதலில் வந்தார்கள். பால் பொங்கியதும் குலவை போட்டவர் கருப்பாயி சின்னம்மா. பிறகு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கக்கா குடுத்து வச்சவ சாமி. எங்களுக்கும் அடுத்த லிஸ்டுல வருமாம்ல?" என்றார். வரும் சின்னம்மா என்றேன். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்றைக்குச் சாப்பாடு நன்றாக இருந்தது. அக்கா அழுதுகொண்டே பரிமாறினாள், சந்தோசத்தில்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்று நாள் மழை. பதினொரு பேரில் கருப்பாயி சின்னம்மாவும் ஒருவர். தர்மிளா கடைக்குப் போயிருந்ததால் தப்பினாள். கீழ்லயத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. மண் அதற்கு மேலேயே நின்றுவிட்டது, ஒரு தகரம்கூட அசையவில்லை. மேல்லயத்தில் மிஞ்சியவர்கள் இப்போது காலியான கீழ்லயத்துக் காம்பராக்களில்தான் இருக்கிறார்கள். சரிவு வரைபடம் எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறது, பாருங்கள்.

நாலாம் நாள், மண் மூடிய பரப்பை அளந்து வரச் சொல்லி அலுவலகம் என்னைத்தான் அனுப்பியது. தோட்டத்து வழி எனக்குத் தெரியும் என்று. கருவியை எடுத்துக்கொண்டு சேற்றின் விளிம்போரமாக நடந்தேன். மேற்கு மூலையில் முனியாண்டி கல் அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றி ஒரு சுற்று சுற்றிவிட்டு நடந்தேன். கையில் கருவி ஓடிக்கொண்டிருந்ததே எனக்கு ஞாபகம் வரவில்லை. அலுவலகத்துக்கு வந்து ஏற்றியபோது கணினி செல்லாதது என்றது. அதே மூலை, அதே வளையம். ஆறு புள்ளிகள். எடுத்துவிட்டேன். உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில், மூன்றாவது படமாகப் போட்டிருக்கிறீர்களே, அது நான் திருத்திய அந்த வடிவம்தான். அழகாக வந்திருக்கிறது.

தர்மிளாவுக்கு யாரும் இல்லையென்று அக்கா அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நான் போனால் பிளேன்டீ ஊற்றித் தருவது அவள்தான். எனக்குச் சீனி வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும். இப்போதெல்லாம் அவள் முனியாண்டிப் பக்கம் போவதில்லை. பிள்ளைக் காம்பராவுக்கும் சுற்றுவழியில்தான் போகிறாள். உங்கள் விசாரணையில் அவள் சொன்னதை அறிக்கையில் வாசித்தேன். 'என் காலாலதான் எங்கம்மா செத்தாங்க.' அவள் சாட்சியம் சொல்லிவிட்டு வந்த அன்று, அக்கா என்னிடம் கேட்டாள்: "ஏன் தம்பி, அந்தப் புள்ள சாமியச் சுத்துனதுக்கா இம்புட்டும்?" கம்ப்யூட்டர் அப்படித்தான்க்கா என்றேன். தர்மிளா அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்கும்.

எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கிறது. கல்நெஞ்சன் இல்லை நான்.

இனி, பதினேழாம் பக்கம். அதில் இரண்டு வாக்கியங்கள். முதலாவது: 'களத்தில் நடந்தவர் வழிபாட்டுக் கல் ஒன்றைச் சுற்றி வந்ததால் மேல்லயத்தின் வடிவம் செல்லாததாயிற்று.' இரண்டாவது: 'செல்லாத வடிவங்களைக் கண்டறிந்து திருத்துவதற்குரிய பயிற்சி கணினி இயக்குபவருக்கு இருக்கவில்லை.'

இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, மேடம். மண்சரிவு நடந்த அன்றுகூட இரவு சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன். பயிற்சி இல்லையாம். கபூர் நானாவின் முள்ளை எடுத்தவன் யார்? குருவிட்டக்காரரின் எட்டைப் பிரித்தவன் யார்? நாற்பத்தேழில் நாற்பத்தாறை என் கையால் திருத்தினேன், ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அந்த ஒன்றையும் எனக்குத் திருத்தத் தெரியும். எந்த ஏழு புள்ளிகள் என்று இப்போது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தெரிந்துதான் விட்டேன். பேனா கொடுத்தால் இதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறேன். அதன் பிறகு பொலிசுக்கு அனுப்புவதா, கோர்ட்டுக்கு அனுப்புவதா என்பது உங்கள் பாடு.

முதல் வாக்கியம் அப்படியே இருக்கட்டும். அது உண்மைதானே, அவள் சுற்றினாள். இரண்டாவதை மட்டும் மாற்றிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.